சக்கரத்தடி எலுமிச்சை

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இருந்த அந்தக் குடோனுக்கு விமானம் வந்த நாளிலிருந்தே சோலைமுத்துவுக்கு அதைக் கண்டால் ஆகவில்லை. விமானமாம் விமானம்! மரச் சட்டத்துக்குத் துணி போர்த்தி, சைக்கிள் சக்கரம் மாதிரி ரெண்டு மாட்டி வைத்திருந்தார்கள். அதைப் பூட்டி நிறுத்தும் தச்சு வேலைதான் அவனுக்கு.

ஆனால் சாமான்யப்பட்ட பொருளில்லையாம். ஜார் மன்னர் ரஷ்யாவை ஆண்ட காலத்தில், முதல் உலகப் போருக்கு முன்பே, தன் வான்படைக்காகப் பிரான்சிலிருந்து வாங்கிய விமானங்களில் ஒன்றாம். அரபி முதலாளி திறக்கப்போகும் மியூசியத்துக்காக அதை ஐரோப்பாவில் தேடிப் பிடித்தவர் மேனேஜர் கல்யாணசுந்தரம். கும்பகோணத்துக்காரர். அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆளில்லை.

"இதோட இன்ஜினுக்கு என்ன ஆயில் தெரியுமா? விளக்கெண்ணெய்!"

"அதக் குடிச்சா மனுசனே கக்கூசுக்குப் பறப்பான். விமானம் பறக்காதா சார்?" என்றார் ஸ்டோர் கீப்பர் நெய்னா முகம்மது. குடோனே சிரித்தது.

பிறகு கல்யாணசுந்தரம் ஓட்டுநர் இருக்கையைக் காட்டினார். துணியில் பழுப்பாக ஒரு கறை. "ஓட்டினவன் இதுலயே செத்துட்டான். ரத்தம் அது."

மற்றவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். சோலைமுத்து மட்டும் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான். ஏனென்றால் பெரம்பலூரில் அவன் பொண்டாட்டி அருணா நிறைமாதம். இது இரண்டாவது. முதல் பிள்ளை பிறந்தபோது அவன் கத்தாரில், ராஸ் லஃபானில் இருந்தான். வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். கடைசி நேரத்தில் லீவை ரத்து செய்துவிட்டார்கள். பிள்ளை பிறந்து அழவே இல்லை. மச்சான்தான் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தான். அந்த முகத்தைச் சோலைமுத்து பார்க்கவில்லை. இந்தத் தடவை எது நடந்தாலும் பக்கத்தில் இருந்தே தீருவது என்று லீவுக்கு எப்போதோ எழுதிக் கொடுத்து, அதுவும் பாஸாகிவிட்டது. இப்போது போய்ச் செத்தவன் சாமானைத் தினமும் தொட வேண்டியிருக்கிறதே! இந்தக் கையால்தானே பிள்ளையைத் தூக்க வேண்டும்?

ஆயுத பூஜை வந்தது. பிக்கப்பையும் ஃபோர்க்லிஃப்டையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, ரோலா கடைத்தெருவிலிருந்து வாங்கி வந்த மாலையைப் போட்டார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். எல்லாம் முடிந்தபின் சோலைமுத்து இரண்டு பழத்தை எடுத்துக்கொண்டு போய் விமானத்தின் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தான்.

"டேய் சோலை, அது நிறுத்தி வைக்கிற சாமான்டா. ஓட்டுற வண்டியா?" என்றார் நெய்னா முகம்மது, பொரியை மென்றுகொண்டே.

"சக்கரம் இருந்தா வண்டிதான் பாய். திருஷ்டி கழியட்டும்."

பையன்கள் பின்னால் நின்று "யல்லா, யல்லா" என்று தள்ளினார்கள். பழம் நசுங்கியது. கூடவே மடக்கென்று ஒரு சத்தம். சக்கரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டம் முறிந்து, இடது இறக்கை சிமெண்டுத் தரையில் போய் மோதியது.

கல்யாணசுந்தரம் ஓடிவந்து முட்டி போட்டு உட்கார்ந்தார். சோலைமுத்துவும் குனிந்து பார்த்தான். முறிந்த இடத்தில் மரம் வெள்ளை வெளேரென்று இருந்தது. தகடு தகடாக ஒட்டிய பிளைவுட். உள்ளே ஸ்டார் ஸ்க்ரூ. வெளியே மட்டும் கரியும் எண்ணெயும் தேய்த்து வயசாக்கியிருந்தார்கள். அட கடவுளே, எவனும் சாகாத விமானத்துக்குப் பயந்தா இவ்வளவும் செய்தோம் என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. நிமிர்ந்தபோது கல்யாணசுந்தரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமில்லை.

கேபினுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"டூப்ளிகேட்னு முதலாளிக்குத் தெரிஞ்சா முதல்ல என் தலை உருளும். அப்புறம் விசாரணை, கோர்ட்டு. தொட்ட ஒருத்தனையும் ஊருக்கு விட மாட்டாங்க. உன் லீவும் கலாஸ். வீட்டுல எப்போ தேதி?"

"இந்த வாரந்தான் சார்."

"நாளைக்கு இன்சூரன்ஸ் ஆளு வருவான். பழைய மரம், நான்தான் தெரியாம நகத்துனேன், ஒடிஞ்சிருச்சுன்னு சொல்லு. பாஸ்போர்ட்டைக் கையில தந்துடறேன்."

சோலைமுத்து நடந்ததைச் சொன்னதும் நெய்னா முகம்மது தலையில் அடித்துக்கொண்டார். "கிறுக்கா! எல்லாரும் சேந்து தள்ளுனத நீ ஒத்தையா ஏன் தலையில போட்டுக்கிற?"

"பொய்னு தெரியும் பாய். போன தடவ மாதிரி ஆயிரக் கூடாது."



மறுநாள் வந்த இன்சூரன்ஸ்காரன் லக்னோ பக்கத்து ஆள். உடைந்த இடத்தை அதற்குள் கல்யாணசுந்தரம் துணியால் சுற்றி வைத்திருந்தார்.

"பாய், லக்டி புரானி தீ?" மரம் பழசுதானா என்று கேட்டான்.

"ஹாங் பாய், புரானா. பஹுத் புரானா," என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டான் சோலைமுத்து. சாயங்காலமே பாஸ்போர்ட் கைக்கு வந்தது. ரோலாவில் குழந்தைக்கு ஒரு மஞ்சள் போர்வை வாங்கினான்.

ஷார்ஜா ஏர்போர்ட்டில் திருச்சி விமானத்துக்கு லக்கேஜெல்லாம் போட்டாகிவிட்டது. இமிக்ரேஷன் கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார். ஓர் அறையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். விலைமதிப்பில்லாத புராதனப் பொருளை உடைத்ததாக அவன் மேல் கேஸ் இருக்கிறது, முடியும்வரை மாஃபி டிராவல், நாட்டை விட்டுப் போக முடியாது என்று உருது தெரிந்த ஒரு போலீஸ்காரர் பொறுமையாகச் சொன்னார். உடைத்தவன் மேல் புகார் கொடுத்தால்தான் இன்சூரன்ஸ் தரும். அது கல்யாணசுந்தரத்துக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பாவி மனுஷன்!

"அது டூப்ளிகேட் சார்! புது மரம்! நயா லக்டி!" என்று கத்தினான்.

போலீஸ்காரர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "புரானா என்று நீதானே சொல்லியிருக்கிறாய்? கீழே உன் கையெழுத்துதானே?"

அவன் கல்யாணசுந்தரத்துக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். டாக்சி வரிசைக்குப் பக்கத்தில் பெட்டி மேலேயே உட்கார்ந்தான்.

போன் வந்தது. அருணா.

"மாமா, வலி எடுத்துருச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். பிளைட் ஏறிட்டியா?"

"வந்துர்றேன் அருணா."

அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. பக்கத்தில் ஒரு டாக்சிக்காரன் ஹார்ன் அடித்தான். அது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"சரி மாமா," என்றாள். "பொறந்ததும் அண்ணன போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன். போன தடவ அதக்கூட யாரும் எடுக்கல."