மாப்பிள்ளை கையில் கட்டிய காப்பு

வந்தவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது என்றால் தங்கையனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். திருச்சி கைலாசபுரத்தில் அவர் வீட்டுக்கு வந்த யாரும் மலைக்கோட்டை ஏறாமல் ஊர் திரும்பியதில்லை. முட்டிவலி என்று முனகியவர்களைக்கூட, "பிள்ளையார் பாத்துக்குவாருங்க" என்று தள்ளிக்கொண்டே ஏற்றிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் கையில் சம்பந்தி வீட்டுக் கூட்டம் மொத்தமாகச் சிக்கினால் விடுவாரா?

மகள் ஆனந்தவள்ளிக்குத் தரங்கம்பாடியில், கடற்கரையை ஒட்டிக் கல்யாணம். மாப்பிள்ளை சரத்குமார் கப்பலில் இன்ஜினியர். கடலைப் பார்த்துக்கொண்டு தாலி கட்ட வேண்டும் என்பது அவனுடைய ஆசை. ஓசூரிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் ஸ்ரீரங்கத்தில் தங்கி, திருச்சியைப் பார்த்துவிட்டு அங்கிருந்து கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. சித்திரை வீதியில் லாட்ஜ் பிடித்துக் கொடுத்தார் தங்கையன். ரங்கநாதர், முக்கொம்பு, கல்லணை எல்லாம் முதல் நாளே முடிந்துவிட்டன. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் காலை, யாரும் கேட்காமலே, கொள்ளிடத்துக்கு வடக்கே தான் பிறந்த ஊருக்கு எல்லாரையும் வேனில் ஏற்றினார். அன்றைக்கு அங்கே மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு.

வாழைத்தோப்புப் பம்புசெட்டைக் கண்டதும் சரத்குமாருக்குக் குளிக்க ஆசை வந்துவிட்டது. குளித்தான். ஈர வேட்டியோடு, சட்டையில்லாமல் கோயில் வாசலுக்கு வந்து நின்றான். "மாப்பிள்ளை பின்னால நிக்கிறதா? முன்னால வாங்க!" என்று தங்கையன் கையைப் பிடித்து இழுத்து முதல் வரிசையில் நிறுத்தினார். பூசாரி கையால் ஒரு மாலை போடச் சொல்லலாம் என்று பூக்கடைக்கு ஓடினார்.

முதல் வரிசையில் ஈர வேட்டியோடு நிற்பவர்கள் விரதக்காரர்கள். பூசாரி மூக்கன் தலையை நிமிர்த்தாமல் ஒவ்வொரு கையாக மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டே போனார். சூடப்புகை, உடுக்கை, குலவை. சரத்குமாரும் ஏதோ பிரசாதம் என்று கையை நீட்டினான். தங்கையன் மாலையோடு வந்தபோது மாப்பிள்ளையின் வலது மணிக்கட்டில் காப்பு ஏறியிருந்தது.

காப்புக் கட்டியவர், கோயில் முன்னால் நட்ட கம்பத்தைப் பிடுங்கித் திருவிழா முடியும் நாள்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மணவறையில் உட்காரக் கூடாது. காப்புக் கட்டிய ஊரில் கல்யாணமும் நடத்தக் கூடாது. நாளை பயணம், நாளை மறுநாள் முகூர்த்தம். கம்பம் பிடுங்கவோ ஒரு வாரத்துக்கு மேல் கிடந்தது.

சரத்குமார் சிரித்தான். "கத்திரிக்கோல் இருந்தா குடுங்க மாமா, வெட்டிப் போட்டுடலாம்."

அவன் அம்மா மாரியாயி சிரிக்கவில்லை. கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இவங்கப்பாவும் இப்படித்தாங்க சொன்னாரு. காப்புக் கையோட லாரி எடுத்துக்கிட்டுப் போனாரு. பொணமாத்தான் வந்தாரு. இவன் அந்தக் கயித்தை அறுத்தா நான் உசுரோட இருக்க மாட்டேன். கல்யாணத்தை நிறுத்திடுங்க."

நிறுத்துவதா? தங்கையன் மூக்கனிடம் ஓடினார். மூக்கன் கையை விரித்தார். "ஆத்தா முன்னால கட்டுனதை நான் எப்படிண்ணே அவுப்பேன்?" கிராமத்துப் பெரியவர்களிடம் கெஞ்சினார். ஆளாளுக்கு உச்சுக் கொட்டினார்கள். புத்தி பேதலித்தவர் மாதிரி ஸ்ரீரங்கத்துக்கே வண்டியை விரட்டி, லாட்ஜ் மேனேஜர் சேதுராமனிடம் போய் நின்றார். கோயில் கைங்கர்யக் குடும்பம், பரிகாரம் ஏதாவது தெரிந்திருக்கும் என்ற நப்பாசை.

"எங்களவாள்ல அபசாரம்னா பெருமாள்கிட்ட க்ஷமாபணம் கேட்டுண்டு தீர்த்துப்போம் ஸ்வாமி," என்றார் சேதுராமன். "இது உங்க அம்மன் விஷயம். அடியேன் வாயக் குடுக்கறது சரியில்லை. கட்டினவரையே காலைப் பிடிச்சுக் கேளுங்கோ."

முழுகுகிறவனுக்கு ஒரு துரும்புகூடக் கிடைக்கவில்லை. கல்யாணம் நின்றுபோன பெண் என்று மகளை நாலு பேர் சொல்வதை நினைக்க நினைக்கத் தங்கையனுக்கு மூச்சு முட்டியது. எல்லாம் தன்னால். தன்னுடைய பாழாய்ப்போன பெருமையால். திரும்பி வந்து, தன்னைவிட வயதில் சின்னவரான மூக்கனின் காலில் நிஜமாகவே விழுந்தார்.

மூக்கன் பதறிப்போய்த் தூக்கினார். "ஒரு வழி இருக்கு. சொல்ல மனசு வரலைண்ணே," என்றார்.

"சொல்லுப்பா."

"தெரியாமக் கட்டிக்கிட்டா, கூட்டியாந்து நிறுத்துனவங்க கைக்கு மாத்தலாம்னு எங்கப்பா சொல்லிருக்காரு. வேற கைக்கு மாத்த முடியாது. மாத்திக்கிட்டா நீங்க எல்லையத் தாண்டக் கூடாது."

தங்கையன் யோசிக்கவே இல்லை. யோசித்தால் தைரியம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். வலது கையை நீட்டினார். மாப்பிள்ளை கையிலிருந்த காப்பு அதற்கு மாறியது. சம்பந்தி மாரியாயி, அம்மன் சந்நிதி முன்னால் விழுந்து எழுந்து, அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

விஷயம் கேட்டு மனைவி மணிமேகலையும் ஆனந்தவள்ளியும் சாயங்காலமே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

"ஊரக் காட்டுறேன், ஊரக் காட்டுறேன்னு அலைஞ்சீங்களே, இப்ப உங்க பொண்ணு கல்யாணத்தை உங்களுக்கு யாரு காட்டுவா?" என்று மணிமேகலை தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க இல்லாம நான் யாரோட சேந்து நின்னு தாரை வாக்குறது?"

"என் தம்பியும் அவன் சம்சாரமும் வாக்கட்டும்."

ஆனந்தவள்ளி அழவில்லை. அதுதான் அவரை வதைத்தது.

"உங்களுக்கே இதுல நம்பிக்கை இல்லையேப்பா. அவரும் வெட்டிப் போடுறேன்னுதானே சொன்னாரு?"

"வெட்டிப் போடலாம் தாயி. கப்பல்ல போற புள்ள. நாளைக்கு அங்க ஒரு காத்தடிச்சா, அவருக்கு ஒரு காச்சல் வந்தா, உங்க மாமியாரு உன் மூஞ்சியப் பாக்குறப்பல்லாம் அந்தக் கயித்தைத்தான் பாப்பாங்க. காலம்பூரா பாப்பாங்க. எனக்கு ஆத்தாகிட்ட பயமில்லை. அதுக்குத்தான் பயம்."

"என் கல்யாணத்துக்கு எங்கப்பா வேணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. மறுநாள் காலை எல்லா வண்டிகளும் கடற்கரைக்குப் போய்விட்டன என்று தம்பி போனில் சொன்னான்.

முகூர்த்தத்தன்று தங்கையன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி கைலாசபுரத்தில் பீரோவுக்குள் கிடந்தது. விரதக்காரர்கள் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவரையும் கூப்பிட்டார்கள். எழுந்திருக்க முடியவில்லை. இந்நேரம் மாலை மாற்றியிருப்பார்கள், இந்நேரம் தம்பி செம்பை எடுத்திருப்பான் என்று மனசு அங்கேயே கிடந்து அடித்துக்கொண்டது. பெற்றவன் ஒருவன் இருக்கும்போது இன்னொருவன் கையால் தண்ணீர் வார்க்கிறான். வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

போன் அடித்தது. மணிமேகலையின் நம்பர். எடுத்தால் நாதஸ்வரம் இல்லை. மேளத்தை நிறுத்தியிருந்தார்கள். கடல் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா," என்றாள் ஆனந்தவள்ளி. "சித்தப்பா செம்போட நிக்கிறாரு. நாந்தான் பொறுங்கன்னு சொல்லிட்டேன். அய்யரு நேரமாகுதுங்கிறாரு. எல்லாரும் என்னையப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க."

"ஏன் தாயி?"

"நீங்க சொல்லாம நான் எப்படிப்பா கட்டிக்கிறது?"

தங்கையன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அந்தப் பக்கம் யாரோ அவசரப்படுத்தினார்கள். "எங்கப்பா பேசுறாரு, பொறுங்க," என்று அவள் அதட்டியது கேட்டது. அவர் காப்புக் கட்டிய கையால் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"கட்டிக்க தாயி," என்றார்.