துரை சப்பாத்து

மலாயாவின் லுக்குட் ஆற்றில் கட்டியிருந்த படகு, ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடிப்போன தோட்டத்துத் துரையுடையது. இன்று மதியம் ஜப்பான் அதிகாரி அதில் ஏறப்போகிறான். படகில் கைகழுவும் குழாய்க்குக் காலால் மிதித்துத் தண்ணீர் ஏற்றும் பம்பு, மேலே ஏற்றாமல் அடியிலேயே ஒழுகியது.

"இத்தன ரப்பர் ஷீட்டு கெடக்கே, ஒழுகுற எடத்துக்கு வாசர் வெட்டிப் போடு லா!" என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சிவக்கொழுந்து.

தோட்டத்து ஃபிட்டர் அய்யாவு சிரிப்பை அடக்கிக்கொண்டான். இருபது வருஷம் ரப்பரை நிறுத்து எழுதிய மனிதருக்கு, கந்தகம் சேர்த்து வேகவைக்காத ஷீட் எதற்கும் தாங்காது என்று தெரியவில்லை. சொன்னால் கேட்கிற ஜன்மமா அது? வெட்டியே போட்டான். பத்து மிதியில் ஷீட் நசுங்கிச் சுருண்டது. தண்ணீர் கிராணியின் வேட்டியில் பீய்ச்சியடித்தது.

"தோலுதான் தாங்கும், ஐயா. சப்பாத்தக் கழட்டுங்க."

அதுவும் துரை விட்டுப்போனதுதான். பெரிய சப்பாத்துக்குள் துணி அடைத்து மாட்டிக்கொண்டு, மூன்று மாதமாகத் தோட்டத்தையே அதட்டிக்கொண்டிருந்தார். அதிகாரியின் லாரிச் சத்தம் கேட்டதும் கழற்றிக் கொடுத்தார். அய்யாவு சப்பாத்தின் பக்கவாட்டுத் தோலை வட்டமாக அறுத்து, எண்ணெய் தடவிப் பம்புக்குள் பொருத்தினான். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அதிகாரி வந்து குழாயடியில் கையை நீட்டினான்.

"நான்தான் சரி பண்ணேன், துவான்!" என்று மலாயில் குழைந்தார் கிராணி.

"நல்லது. இனி தினமும் நீயே மிதி," என்று அவனும் மலாயில் சொன்னான்.

கிராணி வெறுங்காலோடு மிதிக்கத் தொடங்கினார். சாமான்களைச் சுருட்டிக்கொண்டு கரையேறிய அய்யாவு திரும்பிப் பார்த்தான்.

"பாத்து மிதிங்க, ஐயா. உள்ள இருக்கிறது தொர சப்பாத்து!"