அதிர்ஷ்டத்துக்கு ஓர் உதை

பரீட்சைக்குப் போகிறவளைப் பின்புறத்தில் ஓர் உதை உதைத்து அனுப்ப வேண்டும். போலந்தில் அப்படித்தான். உதைக்கிறவர் அவள் மேல் பாசம் உள்ளவராக இருக்க வேண்டும். உதை வாங்கியவள் நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது. யகோடாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கிராக்கூவ் பல்கலைக்கழக மாடியில், ஆய்வேட்டுத் தேர்வு அறைக்கு வெளியே, உதைக்க ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. உடன் படித்தவர்களோ ஆளுக்கொரு நாட்டில். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகிற ஐரோப்பியவியல் முதுகலை அது. ஓர் அரையாண்டு இங்கே, ஓர் அரையாண்டு அங்கே என்று பெட்டி கட்டுவதிலேயே பாதிப் படிப்பு போய்விடும். சிநேகம் முற்றுகிற நேரத்தில் ரயில் வந்து நிற்கும்.

மிச்சம், உடன் படித்த டச்சுக்காரன் யெல்மர் ஒருவன்தான். அவன் எங்கே வரப்போகிறான்?

போன மாதம் நெதர்லாந்தில், க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் அவனுக்குத் தேர்வு. இவள் பஸ் ஏறிப் போனாள். கையில் காப்பியோடு வாசலில் நின்றவனை, பாசம் பொங்க, ஓங்கி ஓர் உதை விட்டாள். சொல்லிவிட்டு உதைக்க வேண்டும் என்று, ஐரோப்பியப் பண்பாடுகளையே பாடமாகப் படித்தவளுக்குத் தோன்றவில்லை பாருங்கள்! காப்பி முழுக்க வெள்ளைச் சட்டையில். பக்கத்தில் அவனுடைய அம்மா வேறு. கறைச் சட்டையோடு உள்ளே போனவன், அப்புறம் இவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. விளக்கம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, பத்தி பத்தியாக எழுதினாள். "சரி" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. டச்சுக்காரர்கள் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவர்கள். அப்படிப்பட்டவன் ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டதைத்தான் அவள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். பட்டத்தை அடுத்த முறைகூட வாங்கிக்கொள்ளலாம். இவன் போய்விட்டால்?

அப்போது பின்னால் ஏதோ லேசாகப் பட்டது. திரும்பினாள். முதுகுப் பையோடு யெல்மர். அதே சட்டை, அதே கறை.

"இது உதையாடா? பூனை வந்து உரசின மாதிரி இருக்கு!"

"யாரையும் உதைச்சு எனக்குப் பழக்கமில்ல. பஸ்ல அதையே நெனச்சுக்கிட்டு வந்தேன்."

"இத்தன நாளா ஏன் பேசல?"

"கோவம். அது சீக்கிரமே போயிடுச்சு. ஆனா, பாசம் இருக்கறவங்கதான் உதைப்பாங்கன்னு எழுதியிருந்தியே. அதுக்கு என்னன்னு பதில் எழுதறது? அதான் நேர்ல வந்துட்டேன்."

அவள் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். "கூச்சப்படாம பலமா உதை."

அவன் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. வாசலில் பேராசிரியர் கவ்ரோன்ஸ்கி. உள்ளே சுவர்த் திரையில், க்ரோனிங்கனிலிருந்து காணொளி வழியாகத் தேர்வு நடத்தும் பேராசிரியர் ஹூக்ஸ்ட்ரா அம்மையார், திறந்த வாய் மூடாமல்.

கவ்ரோன்ஸ்கி யெல்மரை மேலும் கீழும் பார்த்தார். "ம், இதுதான் உதை. உள்ள வாம்மா."

"ஒரு நன்றிகூடக் கிடையாதா?" என்று யெல்மர் முணுமுணுத்தான்.

"மூச்!" என்றபடி அவள் உள்ளே போனாள்.

உட்காருவதற்குள் திரையிலிருந்து குரல் வந்தது. "முதல் கேள்வி. அந்தப் பையன் உங்கள ஏன் உதைச்சான்? போலீசக் கூப்பிடணுமா?"

யகோடா சிரித்துவிட்டாள். "வேண்டாம் மேடம். நம்ம மேல பாசம் இருக்கறவங்க பரீட்சைக்கு முன்னாடி உதைப்பாங்க. எங்க வழக்கம்."

"பாசம்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அவன அவனோட அம்மா முன்னாடியே அவமானப்படுத்தினேன். அந்தக் கறைச் சட்டையவே மாட்டிக்கிட்டு ஜெர்மனியத் தாண்டி வந்திருக்கான், மேடம். எனக்கும் அவன்னா உசுரு. அத இன்னும் அவங்கிட்ட சொல்லல."

"கதவு தெறந்துதாம்மா இருக்கு," என்றார் கவ்ரோன்ஸ்கி.

திரும்பினாள். காது வரை சிவந்துபோய் வாசலில் நின்றிருந்தான் யெல்மர்.

"சரி," என்றான்.

அதே ஒரு சொல்தான். யகோடா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். "அடுத்த கேள்வி கேளுங்க மேடம்."