நவநீதனைப் பற்றிய ஒரு வரி

கீழமுடுக்கூரின் இணையக் கலைக்களஞ்சியப் பக்கத்திலிருந்து எந்த வரியை நீக்கினாலும், அந்த வரியில் இருந்தது மறுநாள் சாயங்கால பஸ்ஸில் ஏறி ஊரைவிட்டுப் போய்விடும். போகிற ஒன்றுக்கு, அதன்மேல் பிரியம் வைத்தவர்கள் டிக்கெட் எடுத்துக் கொடுத்து வழியனுப்புவது வழக்கம். மணிக்கூண்டின் ஐந்து நிமிடத் தாமதம் போனபோது கடிகாரக் கடைக்காரர் அதற்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார். தெற்குத் தெருக் கிணற்றின் உப்புக்கரிப்பு போனபோது யாரும் வரவில்லை. அது தானே சில்லறை வைத்திருந்தது.

‘இக்கட்டுரையில் துணுக்குச் செய்திகள் அளவுக்கு மீறி உள்ளன’ என்ற அறிவிப்பு பக்கத்தின் தலையில் வந்ததிலிருந்து, பஸ் நிலையத்துக்கு மேலேயும் அதே அறிவிப்பு கயிறில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வாழைப்பழ வியாபாரிகளுக்கு நல்ல நிழல். ஆனாலும் ஊருக்கென்று ஒரு கௌரவம் இருக்கிறதே. எதை வைப்பது, எதை நீக்குவது என்று முடிவு செய்ய நூலகத்தில் கூட்டம் போட்டார்கள். இருதயராஜ் அண்ணாச்சி தலைமை. தட்டச்சு செய்ய சுலைகா.

சொர்ணலதா முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தம்பியைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: ‘இவ்வூர் நவநீதன் எல்லோர் குரலிலும் பேசுவார்.’ பதினேழு வயதில், தை மாதக் காய்ச்சலில் அவன் இறந்துபோனான். வரி இருந்ததால் குரல்கள் மட்டும் ஊரில் தங்கிவிட்டன. தலைமையாசிரியர் குரல் நினைத்தபோதெல்லாம் பள்ளிக்கு விடுமுறை விட்டது. கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருக்க, கண்டக்டர் குரல் ‘ரைட்’ சொல்லி பஸ்ஸை அனுப்பிவைத்தது. அண்ணாச்சி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் கொல்லையில் அண்ணாச்சி இருமுவார். சொர்ணலதாவை அவள் குரலே ‘ஏட்டி, கோட்டான்’ என்று வையும். அதைக் கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். குரல் அந்தந்த ஆளின் உடைமை, தன் இருமல் தன் பேரில்தான் வரவேண்டும் என்றார். நவநீதன் பேரில் வரி நிற்க வேண்டுமானால், அவனுடைய சொந்தக் குரல் எப்படி இருந்தது என்று யாராவது ஒருவர் சான்று சொல்ல வேண்டும். அதுதான் விதி.

‘என்னிடம் என் குரலில்தான் பேசினான்’ என்றார் தலைமையாசிரியர். கண்டக்டரும் அதையே சொன்னார். ‘டீ கேட்டாலும் என் குரலிலேயே கேட்பான், எனக்கு நானே எப்படி இல்லையென்று சொல்வது’ என்றார் டீக்கடை மாடசாமி. பிறகு எல்லோரும் சொர்ணலதாவைப் பார்த்தார்கள்.

வீட்டில் அவன் சோறு கேட்டது அப்பா குரலில். சண்டை போட்டது அவள் குரலில். அவள் சொல்லப்போவதை அவன் முந்திக்கொண்டு சொல்லிவிடுவான். அப்புறம் அவளுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தண்ணீர் கேட்டது அம்மா குரலில். சொர்ணலதா டம்ளரை அம்மாவிடம் நீட்டினாள். அம்மாவும் வாங்கிக் குடித்தாள்.

சுலைகா அவள் பக்கம் குனிந்தாள். “யக்கா, வாயில வந்த ஏதாவது ஒரு குரல்ல பேசிக் காட்டுங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

சொர்ணலதா வாயைத் திறந்தாள்.

“வேண்டாம் தாயி. எவன் குரலையோ கொண்டுபோய் வீட்டுல வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? அது அக்கான்னு கூப்பிட்டா எப்படித் திரும்பிப் பாக்க?”

சுலைகா வரியை நீக்கினாள். பஸ் நிலையத்தில் அறிவிப்பு மறைந்து, வாழைப்பழங்கள்மேல் வெயில் விழுந்தது.

மறுநாள் எல்லாக் குரலும் சேர்ந்து ஓர் ஆள்தான் என்று கண்டக்டர் ஒரே டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். ஊரே வழியனுப்ப வந்திருந்ததால் படியில் ஒரே நெரிசல். அண்ணாச்சியின் இருமல் முதலில் ஏறியது. சத்தம் போடக்கூடாது என்று சத்தம் போட்டுக்கொண்டே தலைமையாசிரியர் குரல் ஏறியது. அப்பா குரல் ஏறியது. அம்மா குரல் ஏறியது. எல்லாம் ஏறி முடிந்ததும் யாருக்கும் தெரியாத ஒரு குரல் வரும், அதுதான் அவனுடையது என்று சொர்ணலதா படிப்பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றாள். அப்படி ஒன்று வரவில்லை. அவள் குரல்தான் கடைசி. “வாரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டது. பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, சாப்பிடுகிறாயா என்று கேட்டாள்.

பசிக்கவில்லை என்றுதான் சொர்ணலதா சொல்ல நினைத்தாள். ஆனால் பஸ் நிலைய நெரிசலில் குரல் மாறிப்போயிருந்தது; பஸ் ஏறியது அவளுடையது, அவளிடம் தங்கியது அவன் பேசிய அவள் குரல்.

“எனக்கு மட்டும் வை. அவளுக்குப் பசிக்கலயாம்” என்றாள்.

அம்மா இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.