குளித்துவிட்டுப் பிழைத்தவர்

மாக்கேதோனியோஸ் எனக்குத் தர வேண்டியது மூன்று பொற்காசு, ஐந்து வெள்ளி. அவருடைய எண்ணெய்க் கிடங்கில் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்த கூலி. கேட்கும்போதெல்லாம் "நாய்க்குப் பொறந்தவனே, அறுவடை முடியட்டும்" என்பார். அறுவடைகள் முடிந்துகொண்டேதான் இருந்தன. சுண்ணாம்புக்காரனோ, அவனுக்கு நான் தர வேண்டிய பாக்கி ஞாயிற்றுக்கிழமைக்குள் தீராவிட்டால் என் கழுதையை அவிழ்த்துக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டான். கழுதை போனால் கொத்தன் கல்லைத் தலையிலா சுமப்பான்?

முதலாளி கிறிஸ்தவர்தான். ஆனால் ஞானஸ்நானம் வாங்காத கிறிஸ்தவர். எங்கள் அந்தியோக்கியாவில் வசதியுள்ளவர்கள் பலரும் அப்படித்தான். அந்தத் தண்ணீர் அதுவரை செய்த பாவத்தையெல்லாம் கழுவிவிடும்; ஆனால் ஆயுளுக்கு ஒரே தடவை. அதை இளமையிலேயே வீணடிக்க அவர்கள் என்ன முட்டாள்களா? எண்ணெயில் கலப்படம், எடையில் கள்ளம், கூலியில் பாக்கி எல்லாவற்றையும் நிதானமாகச் செய்து முடித்து, கடைசி மூச்சில் குளித்துவிட்டு நேரே சொர்க்கம். வியாபார மூளை.

இந்தக் கோடையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியர் கைவிரித்தார். குருவானவர் ஓடி வந்து ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றி, புதிதாய் முழுகியவர்கள் ஒரு வாரம் கழற்றாத வெள்ளை உடையை உடுத்திவிட்டுப் போனார். வீடே அழுதது. மறுநாள் காலை முதலாளி எழுந்து உட்கார்ந்து பருப்புக் கஞ்சி கேட்டார். அவர் மனைவி தொம்னினா அப்போதுதான் உண்மையாக அழுதாளாம், சமையல்காரி சொன்னாள். பின்னே? அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதன் திடீரென்று நல்லவனாக இருப்பதென்றால் சும்மாவா?

நான் போய் நின்றேன்.

"முதலாளி, பிழைச்சுக்கிட்டீங்க, சந்தோஷம். என் கூலி?"

முற்றத்தில் வெள்ளை உடையில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். "அந்த மாக்கேதோனியோஸ் செத்துட்டான்யா. தண்ணியோட போயிட்டான். நான் புது ஆளு. அவன் கடனும் அவனோட போச்சு."

"அப்ப இந்தக் கிடங்கு?"

"அது என்னுது."

"செத்தவரு உயில் எழுதி வச்சாருங்களா?"

அவர் முகம் சிவந்தது. வாய் திறந்தது. உள்ளேயிருந்து ஓடி வந்த தொம்னினா அந்த வாயைப் பொத்தினாள்.

"ஐயோ, வையாதீங்க! வெள்ளைத் துணியக்கூட இன்னும் கழட்டல. ஒரு வார்த்த வஞ்சாலும் கணக்குல ஏறிடும். மறுபடி குளிக்க விடமாட்டாங்க!"

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. கூலி கேட்பதை விட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவர் தலை தெரியும்போதெல்லாம் எழுந்து கும்பிட்டேன்.

"புண்ணியவானே, இன்னைக்குக் கோபம் ஏதும் வரலீங்களே?"

தெருவில் போன எண்ணெய்ச் சுமைக்காரன் நின்றான். "கலப்படத்த விட்டுட்டாராமே! வியாபாரம் தாங்குமா அண்ணே?"

"தாங்கும்யா. பொறுமைக்குப் பேர் போன மனுஷன்."

கூட்டம் சிரித்தது. முதலாளி தன் தாடியைக் கடித்துக்கொண்டு உள்ளே போவார், வருவார், மறுபடி போவார். திட்டவும் முடியாது, அடிக்க ஆள் ஏவவும் முடியாது. என் கும்பிடு மட்டும் நாளுக்கு நாள் ஆழமாகிக்கொண்டே போனது.

சனிக்கிழமை மத்தியானம் தொம்னினா முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு வந்தாள்.

"எடுத்துட்டு எந்திரிச்சுப் போய்யா. இவரு காய்ச்சல்ல சாகல, உன் மரியாதையிலயே செத்துடுவாரு போலிருக்கு."

பொற்காசைக் கடித்துப் பார்த்தேன். வெள்ளியை எண்ணினேன்.

"சரியா இருக்கும்மா. நமக்குள்ள இனி ஒண்ணும் இல்ல."