கை தூக்கியவர்கள்

லண்டனில் அந்தக் கட்டிடத்து வாசலில் காலை எட்டு மணிக்கே எல்லோருடைய செல்போனையும் வாங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு, நம்பர் ஒட்டி வைத்துக்கொண்டார்கள். பதினோரு மணி வரை வெளியே போகக்கூடாது, வெளியாள் யாரோடும் பேசக்கூடாது. இராக் போரில், பாஸ்ரா சண்டையில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு அரசாங்கம் காட்டிய பெரிய மனசு இது. அந்தப் போரை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் அறிக்கையை ஊருக்கு முன்னால் மூன்று மணி நேரம் படித்துக்கொள்ளலாமாம். க்ளிஃப் ஹெப்வொர்த்துக்கு அங்கே ஒரு நிமிஷம் இருப்புக்கொள்ளவில்லை. அவர் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தாள்தான் காரணம்.

தாளில் எழுதியிருந்தது அவர் மனைவி மாரீன். பதினோரு மணிக்கு வாசலில் டிவிக்காரர்கள் முன்னால் குடும்பங்கள் சார்பில் வாசிக்க வேண்டியது. யார்க்‌ஷயர் சுரங்கத்துத் தொழிற்சங்கத்திலும் கட்சிக் கிளையிலும் முப்பது வருஷம் மேடையேறிய குரல் என்று சொல்லி, வாசிக்கிற வேலையை எல்லோருமாகச் சேர்ந்து க்ளிஃப் தலையில் கட்டிவிட்டார்கள். மொத்தம் நாலு வரி. மூன்றாவது வரிதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது: ‘இந்தப் போருக்குக் கை தூக்கிய ஒவ்வொருவரும் பதில் சொல்லியாக வேண்டும்.’

மாரீன் அமைச்சர்களை நினைத்து அதை எழுதினாள். எம்.பி.க்களை நினைத்து எழுதினாள். கட்டின புருஷனை நினைத்து எழுதவில்லை. அவளுக்குத்தான் விஷயமே தெரியாதே.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால், சண்டை தொடங்க ஒரு மாசம் இருக்கும்போது, அவர்கள் ஊர் கிளப் மாடியில், அப்போது ஆட்சியில் இருந்த அவர்கள் கட்சியின் கிளைக் கூட்டம் நடந்தது. நம் எம்.பி. போருக்கு எதிராக ஓட்டுப் போட வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. ஐந்து பேர் வேண்டும் என்றார்கள், ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். சமமாக நின்றால் தலைவர் கை தூக்கி முடிக்க வேண்டும். தலைவர் க்ளிஃப். அவருக்கு அந்தப் போர் துளிகூடப் பிடிக்கவில்லை. மகன் க்ரெய்க் வேறு பட்டாளத்தில் இருந்தான். ஆனால் அந்தக் கிளையில் காலங்காலமாக ஒரு முறை உண்டு. சமமாக வந்தால் தலைவர் இருக்கிறதை இருக்கிறபடி விடுகிற பக்கம்தான் கை தூக்குவார். பஸ் நிறுத்தத்தை மாற்றுவதா வேண்டாமா என்றாலும் அப்படித்தான், குப்பைத் தொட்டி என்றாலும் அப்படித்தான். க்ளிஃப் குப்பைத் தொட்டிக்குத் தூக்கிய மாதிரியே தீர்மானத்துக்கு எதிராகக் கையைத் தூக்கினார். முறை தவறாத ஆள் என்ற பெயர் இருந்ததே, அது என்ன லேசுப்பட்ட பெயரா!

எம்.பி. அடுத்த மாசம் போருக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, என் கிளை என்னைத் தடுக்கவில்லையே என்று கடிதம் எழுதினார். சண்டை தொடங்கிய நாலாவது மாசம் க்ரெய்க் பெட்டியில் வந்தான். கூட்டத்தில் இருந்த பத்துப் பேரும் அடக்கத்துக்கு வந்து க்ளிஃபின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்களே தவிர, மாரீன் காதில் யாரும் ஒரு வார்த்தை போடவில்லை. அவர்கள் செய்த அந்த உபகாரம் பதிமூன்று வருஷமாக க்ளிஃபுக்குக் கடனாக ஏறிக்கொண்டிருந்தது. மாரீன் போருக்கு எதிராக ஊர் ஊராக ஊர்வலம் போனாள். இவர் முட்டி வலி என்று சொல்லி வீட்டில் இருந்துவிடுவார்.

மேஜை மேல் அறிக்கையின் பன்னிரண்டு தொகுதிகளை அடுக்கியிருந்தார்கள். மாரீன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நாலாவது தொகுதியில் மூழ்கியிருந்தாள். க்ளிஃப் மூன்று கோப்பை டீ குடித்தார், இரண்டு தடவை கழிவறைக்குப் போனார், ஜன்னலைத் திறக்கப் பார்த்தார், அது திறக்கவில்லை. மேற்பார்வைக்கு நின்ற அதிகாரி பவ்யமாக வந்து ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். அறிக்கையில் குறை சொல்லப்பட்டவர்களுக்கும் இன்றுதான் இதைக் காட்டுகிறீர்களா என்று மாரீன் அவரைக் கேட்டாள். இல்லை, அவரவரைப் பற்றிய பக்கங்களை முன்கூட்டியே அனுப்பிப் பதில் வாங்குவதுதான் வழக்கம், அதற்கே இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்றார் அவர். மாரீனுக்கு முகம் சிவந்துபோனது.

“அவங்களுக்கு ரெண்டு வருஷம். பெத்தவளுக்கு மூணு மணி நேரம், அதுவும் பிஸ்கட்டோட. நல்லா இருக்கு உங்க நியாயம்.”

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார். பதில் சொல்ல இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டவர்களை அவள் வாய்க்கு வந்தபடி வைதாள். பதிமூன்று வருஷம் எடுத்துக்கொண்டவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கைக்கு வேலை வேண்டுமே என்று க்ளிஃப் ஏழாவது தொகுதியை இழுத்துப் புரட்டினார். முன்னாள் பிரதமரின் சாட்சியம். கட்சிக்குள்ளே எதிர்ப்பு இருந்ததா என்று கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கிளைகள் தீர்மானம் எதையும் அனுப்பவில்லை, அதையே அவர்களுடைய சம்மதமாக எடுத்துக்கொண்டேன் என்று அந்த மனுஷன் சொல்லியிருந்தார். க்ளிஃப் அதை மூன்று தரம் படித்தார். மணி பத்தரை. அந்தப் பக்கத்தை அப்படியே மாரீன் முன்னால் தள்ளினார்.

“இதுல என்ன?” என்றாள்.

“இந்த அனுப்பாத கிளையில ஒண்ணு நம்ம கிளை. அஞ்சுக்கு அஞ்சு வந்துச்சு. நான்தான் கையைத் தூக்கித் தீர்மானத்தைத் தோக்கடிச்சேன், மாரீன்.”

அவள் நம்பாமல் பார்த்தாள். ஏன் என்று கேட்டாள். முறை அப்படி என்றார். சொல்லும்போதே அவருக்கு வாய் கூசியது. உனக்கு இந்தச் சண்டை வேண்டியிருந்ததா என்று கேட்டாள். இல்லை என்றார். அவள் அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தாள். சுவர்க் கடிகாரம் பத்து ஐம்பதைத் தொட்டது.

க்ளிஃப் தாளை எடுத்து அவள் பக்கம் வைத்தார். வேறு யாரையாவது வாசிக்கச் சொல் என்றார். மாரீன் அந்தத் தாளைத் திரும்ப அவர் சட்டைப்பையில் திணித்தாள்.

“நீதான் படிக்கணும். ஒரு எழுத்து மாத்தாம படி. மூணாவது வரி முடிஞ்சதும் உன் பேரைச் சொல்லு.”

வாசலில் மைக்குகள் காடாக நின்றன. க்ளிஃப் வாசித்தார். மூன்றாவது வரி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டார். “அப்படிக் கை தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். என் பேரு க்ளிஃப் ஹெப்வொர்த். எங்க ஊர்க் கட்சிக் கிளைக்குத் தலைவரா இருந்தேன். என் கை கீழ இருந்திருந்தா என் மகன் பிழைச்சிருப்பானான்னு எனக்குத் தெரியாது. ஆனா தூக்கினது தப்பு. நான் பதில் சொல்லிட்டேன். மேல உக்காந்து தூக்கினவங்க சொல்லட்டும்.” நாலாவது வரியை வாசிக்க மறந்துபோனார். கூட வந்த குடும்பங்கள் அவரையும் மாரீனையும் மாறி மாறிப் பார்த்தன. மாரீன் யாரையும் பார்க்கவில்லை.

மத்தியானம் ரயில் நிலையத்து டிவியில் முன்னாள் பிரதமர் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் பேசினார். வருத்தம் என்றார், வேதனை என்றார், அன்றைக்கு இருந்த தகவல் அப்படி என்றார், மறுபடியும் அதே முடிவைத்தான் எடுப்பேன் என்றார். தப்பு என்ற ஒரு சொல் மட்டும் வரவில்லை. இருவரும் எழுந்திருக்காமல் கடைசிவரை பார்த்தார்கள். ஏறவேண்டிய ரயில் வந்து போயே விட்டது.

மாரீன் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“நீ ஒரு நிமிஷத்துல சொல்லிட்ட. அந்த ஆளுக்கு ரெண்டு மணி நேரம் பத்தல.”

க்ளிஃப் மெல்ல அவள் முகத்தைப் பார்த்தார்.

“அதுக்காக உன்னை மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காத,” என்றாள். “அந்த ஆள் கிட்ட கேக்க வேண்டியதை எல்லாம் இனிமே உன் கிட்டயும் கேப்பேன். தினமும் கேப்பேன்.”

கேள் என்றார் க்ளிஃப். அடுத்த ரயிலில் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்ததும் முதல் கேள்வியைக் கேட்டாள்.