மைல்ஸ் கிலீனின் கட்டில்பெஞ்சு

மாட்டு டாக்டர் கோல்மன் டார்ப்பிக்கு ஒரு வியாதி உண்டு. பசுவுக்குப் பிரசவம் பார்க்கப் போனால், பார்த்து முடித்த கையோடு அந்த வீட்டு அடுப்படிக்குள் நுழைந்து நாற்காலியைக் குப்புறக் கவிழ்த்துவிடுவார். அடிப்பலகையில் ரம்பம் போன தடம் நேராக இருந்தால் ஆள் கையால் அறுத்தது, நூற்றைம்பது வயதாவது இருக்கும். தடம் வளைந்திருந்தால் மில்லில் அறுத்தது. வளைந்ததைக் கண்டால் அவர் முகம் வாடிப்போகும், நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார். மேயோ மாவட்டத்தில் அவர் கார் சத்தம் கேட்டாலே உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். மரியாதை எல்லாம் இல்லை, எப்படியும் எழுப்பத்தான் போகிறார் என்ற முன்னெச்சரிக்கை.

அவர் வீட்டில் இப்படிச் சேர்ந்த நாற்காலிகள் பதினொன்று. அவர் மனைவி நோரீன் மாடிப்படியில் உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பாள். நாற்காலிகள் அத்தனை பழசு, உட்காரக் கூடாதாம்.

பதினொன்று இருந்தும் மனுஷனுக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், மைல்ஸ் கிலீன் வீட்டுக் கட்டில்பெஞ்சு. பகலில் முதுகு உயர்ந்த பெஞ்சு, இரவில் முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறந்தால் தரையோடு தரையாக ஒரு பெட்டிப் படுக்கை. அந்த மாதிரிப் பெஞ்சுகள் ஊரில் இன்னும் சில இருந்தன. ஆனால் எல்லாவற்றிலும் பெயின்ட் அப்பிக் கிடந்தது. கத்தோலிக்க ஊர், கோயில் பூசை வீட்டுக்கு வீடு முறை வைத்து வரும் அல்லவா, முறை வந்த வீட்டுக்காரர் சாமியார் வருகிறார் என்று சுவர், கதவு, பெஞ்சு, கோழிக்கூடு வரை ஒரு பூச்சுப் பூசிவிடுவார். முப்பது பூசை பார்த்த பெஞ்சில் முப்பது பூச்சு, அடியில் இருக்கும் மரம் மூச்சு முட்டிச் செத்துப்போயிருக்கும்.

மைல்ஸ் வீட்டில் மட்டும் அது நடக்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால், ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை புல் அறுத்தான் என்று அப்போதிருந்த சாமியார் பீடத்தில் நின்று பேர் சொல்லித் திட்டிவிட்டார். அன்றோடு மைல்ஸ் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பூசை முறையும் வேண்டாம் என்றுவிட்டார். ஆகவே நாற்பது வருஷமாகப் பெயின்டும் இல்லை. இருந்த பூச்சும் உதிர உதிர, அடியில் மாட்டு ரத்தம் கலந்து பூசிய அந்தக் காலத்துச் சிவப்பு எட்டிப் பார்த்தது. அதைத் தூரத்திலிருந்து பார்த்த நாளிலிருந்து கோல்மனுக்கு வேறு நினைப்பே இல்லை.

கிட்டே போய்ப் பார்க்கத்தான் வழியில்லை. மைல்ஸ் எப்போதும் அதன் மேல்தான் இருப்பார், நாய் அதன் கீழே.

"ஒரு நிமிஷம் எந்திரிங்க மைல்ஸ், கீழ்ச்சட்டத்தைத் தொட்டுப் பாத்துக்கறேன்."

"மாட்டப் பாக்க வந்தியா, மரத்தப் பாக்க வந்தியா? மாடு கொட்டாயில இருக்கு. போ."

ஆறு வருஷம் இதே பேச்சு. போன செவ்வாய்க்கிழமை மைல்ஸ் செத்துப்போனார்.

புதன் பிற்பகல் கோல்மன் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு துக்கத்துக்குப் போனார். மைல்ஸின் மாட்டுக்கெல்லாம் ஊசி போட்டவர், போகத்தான் வேண்டும். ஆனால் கார் ஓட்டும்போது அவர் நினைத்ததெல்லாம் பெஞ்சைப் பற்றித்தான், வெட்கமாகவும் இருந்தது. வாசலில் கால் வைத்ததும் அந்த வெட்கம் பறந்துவிட்டது, ஏனென்றால் உள்ளே கால்வே நகரத்திலிருந்து ரோச் வந்திருந்தான்.

ரோச் பழம்பொருள் வியாபாரி. இறந்தவரின் முகம் கூட அவனுக்குத் தெரியாது. பளபளக்கும் ஷூவோடு, கையில் ஹாம் சாண்ட்விச்சோடு நின்றுகொண்டிருந்தான்.

"அடடே டாக்டர்! நீங்களும் துக்கத்துக்கா?" என்றான் ரோச்.

"நீ எந்த வகையில சொந்தம்?"

"எல்லா வகையிலயும். பெஞ்சு விஷயமா அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கு அடக்கம் முடிஞ்சதும் பதில் சொல்றேன்னாங்க. வேன் கூட ரோட்டுலதான் நிக்குது."

அந்தம்மா என்றது மைல்ஸின் தங்கை டெலியாவை. எழுபத்தொரு வயது, கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணனுக்குச் சமைத்துப் போட்டவர். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார். அறையில் முப்பது பேர் இருந்தும் ஏதோ சரியில்லை. டீ ஓடியது, விஸ்கி ஓடியது, வானிலையைப் பற்றிய பேச்சு மூன்று சுற்று வந்துவிட்டது. ஜெபமாலை மட்டும் தொடங்கவில்லை. தொடங்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. கோயிலை நாற்பது வருஷம் ஒதுக்கிய மனிதருக்கு ஜெபம் சொன்னால் அவர் பெட்டிக்குள்ளிருந்தே திட்டுவாரோ என்று எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெலியாவும் வாய்விட்டுக் கேட்கவில்லை, கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

கோல்மன் இது எதையும் கவனிக்கவில்லை. பெஞ்சு காலியாக இருந்தது! ஆறு வருஷத்தில் முதல் தடவை. அது உண்மையிலேயே பழசுதானா, இல்லை அறுபது வருஷத்துக்கு முன் யாராவது பார்த்துச் செய்த காப்பியா என்று தெரியாமல் அவர் ரோச்சோடு போட்டி போட முடியாது. தொப்பியைத் தற்செயலாக விழவிடுவதுபோல விழவிட்டார். அதை எடுக்கிறவர்போல இரண்டு முழங்காலும் ஊன்றி மண்டியிட்டுப் பெஞ்சைப் பார்க்கக் குனிந்தார்.

அந்த ஊரில் ஜெபமாலைக்கு அப்படித்தான் மண்டியிடுவார்கள். கூட்டத்துக்கு முதுகு, நாற்காலிக்கு முகம், முழங்கை இருக்கைமேல்.

பின்னால் சரசரவென்று சத்தம். கோல்மன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தார். முப்பது பேரும் மண்டியிட்டிருந்தார்கள். ரோச் சாண்ட்விச்சை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் பக்தியோடு கண்ணை மூடியிருந்தான். டெலியா பெட்டியைப் பிடித்தபடி மண்டியிட்டுக் கோல்மனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபமாலை என்பது பத்துப் பத்து மந்திரமாக ஐந்து சுற்று, முதலில் மண்டியிட்டவர்தான் முதல் பத்தைச் சொல்ல வேண்டும். கோல்மன் ஜெபமாலை சொல்லி இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. கையில் எண்ணும் மணிமாலையும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கன்றுக்குட்டியை இழுக்கும்போது வருகிற குரலில் ஆரம்பித்தார். "அருள் நிறைந்த மரியே..."

வார்த்தைகள் எங்கிருந்தோ வந்துவிட்டன. எண்ணிக்கைதான் உதைத்தது. எண்ணுவதற்காகத் தன் கையைப் பெஞ்சின் விளிம்புக்குக் கீழே விட்டார். விரலில் ஒரு மர ஆணி தட்டுப்பட்டது. கையால் செதுக்கிய ஆணி, உருண்டையும் இல்லை சதுரமும் இல்லை. ஒரு மந்திரத்துக்கு ஓர் ஆணி என்று நகர்ந்தார். மூன்றாவதில் பலகையின் அடி தட்டுப்பட்டது, ரம்பத் தடம் நேர்க்கோடு! ஐந்தாவதில் கொல்லன் அடித்த கீல், அகலம் ஓரத்துக்கு ஓரம் வேறு. ஆறாவதில் கால், ஈரத் தரையில் ஊறி ஊறி அடி மெலிந்திருந்தது. காப்பி செய்கிறவன் எவனும் கால் அழுகுவதற்கு இருநூறு வருஷம் காத்திருக்க மாட்டான். சந்தோஷத்தில் கோல்மனின் குரல் உயர்ந்தது, பின்னால் யாரோ விசும்பினார்கள். எண்ணிக்கை கைநழுவிப்போய்விட்டது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மறுபடியும் முதல் ஆணிக்கே போனார். கூட்டமும் குறைசொல்லாமல் கூடவே வந்தது. கடைசியில் அவரே களைத்துப்போய் நிறுத்தினார். இரண்டாம் பத்தை டெலியா எடுத்துக்கொண்டார். மூன்றாவதை ரோச் சொன்னான், மனுஷன் ஒரு வார்த்தை தவறாமல் சொன்னான், கோல்மனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்தும் முடிந்ததும் அறை மாறிப்போனது. ஜனங்கள் மைல்ஸைப் பற்றிச் சிரித்துப் பேச ஆரம்பித்தார்கள். டெலியா கோல்மனைக் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது.

"டாக்டரே, மத்தியானத்துலேர்ந்து நான் உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருந்தேன். எங்கண்ணன ஒரு ஜெபம் இல்லாம அனுப்பப் போறேனேன்னு. ஒருத்தரும் முட்டி போடல. நீ போட்ட. அந்தப் பெஞ்சு ஒனக்குத்தான். காசு வேணாம். அந்த ஷூக்காரன வேனோட திருப்பி அனுப்பிடறேன்."

கோல்மனுக்கு நெஞ்சு குதித்தது. ஆறு வருஷக் கனவு, காசில்லாமல்! தலையாட்டினால் போதும். நோரீன் படிக்கட்டில் இன்னும் ஒரு படி மேலே ஏறிக்கொள்வாள், அவ்வளவுதான். தலையை ஆட்டத்தான் பார்த்தார். கழுத்து அசையவில்லை.

"டெலியா, நான் ஜெபத்துக்காக முட்டி போடல."

"பின்ன?"

"ஆணி பாக்கக் குனிஞ்சேன். பெஞ்சு பழசா புதுசான்னு. ஜெபம் நடுவுலயும் அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். என்னைத் திட்டிருங்க."

டெலியா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பழசா புதுசா?"

"பழசு. இருநூறு வருஷம் இருக்கும். மேயோவுலயே இப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல. எந்த ஷூக்காரன் என்ன வெல சொன்னாலும் அது போல ரெண்டு மடங்கு கேளுங்க."

டெலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீடு என்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

"அதான் பதினாறு தடவ சொன்னியா? நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். பத்துக்குப் பதினாறு. போகட்டும், நாப்பது வருஷப் பாக்கி, எங்கண்ணனுக்குத் தேவதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரல் மாறியது.

"உண்மையச் சொல்லிட்ட, அதனால நானும் சொல்றேன். குடுக்கறேன்னு அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். அதுல அவன் உக்காந்த பள்ளம் இருக்கு. நாய் வேற அதுக்கடியிலதான் படுக்கும். இப்போ குடுக்க முடியாது. நான் போனப்புறம் வந்து எடுத்துக்க. எழுதி வச்சுடறேன்."

"வேணாம் டெலியா..."

"குறுக்கப் பேசாத. ஒரு நிபந்தனை. அன்னைக்கு நீதான் மொதல்ல முட்டி போடணும். ஆணியப் பாத்துக்கிட்டே சொல்லு, நான் கோச்சுக்க மாட்டேன். எனக்கு வேற ஆளில்ல."

கோல்மனின் பிழைப்பே உயிருள்ளதைப் பார்த்த மாத்திரத்தில் வயதும் தெம்பும் மட்டுக்கட்டுவதுதான். டெலியாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மூச்சு சீர், நடை உறுதி, கண்ணில் வெளிச்சம். குறைந்தது இன்னும் இருபது வருஷம் இருப்பார். வாழ்நாளில் முதல் தடவையாக, தான் ஆசைப்பட்ட ஒரு மரச்சாமான் தன் வீட்டுக்கு வந்து சேரவே வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது.

"சரி. வெள்ளிக்கிழம வரேன்" என்றார்.

"எதுக்கு? மாடுங்க நல்லாத்தான் இருக்கு."

"மாட்டப் பாக்க இல்ல" என்றார் கோல்மன். "பெஞ்சையும் இல்ல."